கிம்மாஸ்தான் முதலில் சாப்பிடும்

பிரிக்பீல்ட்ஸில் இருபத்திரண்டு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு நாற்பது மாடி கட்டப் போகிறார்களாம். மாடிக்கு மாடி நீச்சல்குளம் இருக்கும். ஒரு நாய்கூட இருக்காது. முப்பதாம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லி ஒருவன் கதவில் தாளை ஒட்டிவிட்டு, ஒட்டிய கையோடு ஓடினான். ஓடியதற்குக் காரணம் சிரம்பான். தெருமுனை வரை அவனை வழியனுப்பிவிட்டுத்தான் திரும்பி வந்தது.

சிரம்பான் எங்கள் மூன்றாவது நாய். நான் முப்பத்து நான்கு வருடம் ரயில்வே டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவள். மகனுக்குப் பெயர் வைக்கும்போது மாமியார் குறுக்கே வந்தார். நாய்களுக்குப் பெயர் வைக்க யாரும் வரவில்லை. ஆகவே தெற்கிலிருந்து வடக்கே தண்டவாளம் போகிற வரிசையில் ஸ்டேஷன் பெயர்களை வைத்தேன்: கிம்மாஸ், தம்பின், சிரம்பான், ரவாங். கிம்மாஸ் பதினான்கு வயதுக் கிழவி. வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்குப் பிடித்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். தம்பின் வெள்ளை, மூன்று கால். சிரம்பான் செம்மண் நிறத் திருடன். ரவாங் கடைக்குட்டி. தார் ரோட்டில் படுத்தால் எது ரோடு, எது ரவாங் என்று தெரியாது. அவ்வளவு கறுப்பு.

சாப்பாடும் அதே வரிசையில்தான். கிம்மாஸ் தன் தட்டை நக்கி முடித்த பிறகுதான் தம்பினுக்கு. பிறகு சிரம்பான். ரவாங் கடைசி. குட்டியாக வந்த நாளிலிருந்து பழக்கியது. என் கவுன்டருக்கு முன்னால் வரிசை குலைந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். வீட்டில் மட்டும் விட்டுவிடுவேனா? முன்னால் இருக்கிற மூன்றும் சாப்பிடாமல் ரவாங்குக்கு நீங்கள் முழு ஆட்டை வைத்தாலும் அது தலையைத் திருப்பிக்கொள்ளும்.

தாள் ஒட்டிய அன்றே மகன் திமோத்தி பூச்சோங்கிலிருந்து போன் செய்தான்.

“அம்மா, நீங்களும் அப்பாவும் இங்க வந்துருங்க. ரூம் காலியாதான் இருக்கு.”

“நாலு பிள்ளைங்களும்?”

“அடுக்குமாடி காண்டோ இது, அம்மா. மேனேஜ்மென்ட் விடாது. நாய்ங்களுக்கு ஒரு ஷெல்டர் இருக்கு, நான் பேசிட்டேன். நல்லா பாத்துக்குவாங்களாம்.”

“கிம்மாஸுக்குப் பதினாலு வயசுடா. கம்பிக் கூண்டுல ஒரு வாரம் தாங்குமா?”

“அம்மா... நாய்தானே.”

போனை வைத்துவிட்டேன். கன்னம் இரண்டும் வெந்தன. பெற்ற பிள்ளையை ஷெல்டரில் விட முடியுமா என்று அன்று முழுக்க யோசித்தேன். முப்பத்தொன்பது வயது, நல்ல வேலை, நிச்சயம் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த நாளே வீடு தேடக் கிளம்பினேன். நூற்று முப்பத்திரண்டு வீடுகள் பார்த்தேன். பதினொன்றுதான் என்பார் என் வீட்டுக்காரர் மரியநாயகம். அவருக்குக் கணக்குத் தெரியும், கோபம் தெரியாது. கோபத்தோடு பார்த்த வீடு ஒன்றைப் பன்னிரண்டாக எண்ண வேண்டும்.

சில ஏஜென்டுகள் நாய் வரைக்கும் வரவே இல்லை. ‘ஹலோ’ என்று சொன்னதுமே ‘இந்தியனா?’ என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் போன் செத்துப்போகும். செத்த போனைப் பார்த்து நான் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. மரியநாயகம் எழுந்து போய்ச் சமையலறைச் சன்னலைச் சாத்தினார்.

செந்தூலில் ஒரு சீன அம்மா. வீடு தங்கம். பின்னால் நாய்கள் உருள்வதற்குப் புல்தரை வேறு. அந்த அம்மாவே நாய்களை ஏற்றிவந்த எங்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்துக் கிம்மாஸின் காதைத் தடவிக் கொடுத்தார். ‘ஐயோ, சோ கியூட்’ என்றார். எனக்கு உயிர் வந்தது. வாசலில் நின்ற எங்கள் இருவரையும் அப்போதுதான் நிமிர்ந்து சரியாகப் பார்த்திருப்பார் போல. முகம் மாறிவிட்டது.

“டோக் ஓகே லா ஆன்டி. ஐ லவ் டோக். பட் இந்தியன்... சாரி ஆ. பிஃபோர், ஐ காட் பேட் எக்ஸ்பீரியன்ஸ்.”

நாய் இருக்கலாமாம், நாங்கள் இருக்கக்கூடாதாம். நாய்களை மட்டும் குடிவைத்துவிட்டு நாங்கள் இருவரும் தினம் வந்து கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

அம்பாங்கில் ஒரு ஹாஜி. மாடியும் கீழுமாக வீடு. நாய் என்றதும் கையை நெஞ்சில் வைத்து, “மாஆஃப், மன்னிக்கணும், ஆன்டி. என் பிள்ளைகள் பிறகு அங்கேதான் குடிவருவார்கள், எங்களுக்குச் சரிப்படாது” என்றார். உட்காரவைத்துத் தேத்தண்ணியும் கொடுத்தார். அந்த நூற்று முப்பத்திரண்டு பேரில் நான் கோபப்படாத ஒரே மனிதர் அவர்தான். முகத்துக்கு நேராக உள்ளதைச் சொன்னார். அதற்கே தேத்தண்ணி இனித்தது.

கடைசியில் எனக்கு வாய்த்தவன் கமலநாதன். கிள்ளானில் வீடு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட், முப்பது வயது இருக்கும், மழை பெய்தாலும் கறுப்புக் கண்ணாடி.

“ஆன்டி, நம்ப ஆளு வீடு ஒன்னு இருக்கு. கோர்னர் வீடு. சுத்தி இடம். ஆறு மாசமா காலியா கெடக்கு. இந்தியன் பிரச்சனையே இல்ல. ஆனா நாய் நாலுன்னு சொல்லாதீங்க லா. ஒன்னுன்னு சொல்லுங்க. பொறகு ஒவ்வொன்னா கொண்டாந்துருங்க.”

“முப்பத்து நாலு வருஷத்துல, ஒரு டிக்கெட்டுக்கு நாலு ஆள உள்ள விட்டவ இல்லப்பா நான்.”

“அதான் சொல்றேன், ஆன்டி. அவரு ஒரு மாதிரி.”

ஒரு மாதிரியான அந்த வீட்டுக்காரரின் பெயர் தம்புசாமி. லோரி முதலாளி. வாடகைக்கு விடும் கோர்னர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் என் கட்டை விரல் பருமனில் ருத்திராட்சம். உட்காரச் சொன்னார். நாங்கள் எந்த ஊர், எந்தக் கோயில் என்று விசாரித்தார். சர்ச் என்றதும் ‘எல்லாம் ஒன்னுதாம்மா’ என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். அவர் மனைவி தங்கமணி சூடாக மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நாலு நாய் இருக்கிறது என்று நான் சொன்னேன். மைலோ அவருக்குப் புரையேறியது.

“நாயா? அந்த வீட்டுல சாமி ரூம் இருக்கும்மா. நாய் வாசப்படி தாண்டக்கூடாது. தீட்டு.”

அவர் தலைக்கு மேலே சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. புது மாலை. பைரவர் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் கொழுகொழுவென்று ஒரு கறுப்பு நாய், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

“அண்ணே, சாமி பக்கத்துல நிக்கிறது என்னண்ணே?”

“அது வாகனம்மா.”

“எங்க வீட்டுல நாலு வாகனம் இருக்கு. அதுல ஒன்னு அச்சா இதே மாதிரி.”

“வெளையாடாதீங்க. சாமி வேற, தெருநாய் வேற.”

“தெருவுல இருந்தாத்தானே அண்ணே தெருநாய்? அதுக்குத்தான் வீடு கேட்டு வந்திருக்கோம்.”

மரியநாயகம் என் முழங்கையைப் பிடித்தார். நான் எழுந்தேன். மைலோவை மட்டும் முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கோபத்துக்காக அதை ஏன் வீணாக்க வேண்டும்?

கேட்டுவரை வந்த தங்கமணி, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. முன்ன இந்த ரோட்டுல ஏழு நாய் இருந்துச்சு. யாரையும் கடிக்காது. நான்தான் மிச்ச சோறு போடுவேன். இவருதான் டவுன் கவுன்சிலுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டு நாய் புடிக்கிற வண்டிய வரவச்சாரு. ஏழையும் சுருக்குக் கம்பியில புடிச்சு, வண்டியில ஏத்தி, கத்தக் கத்தக் கொண்டுபோனாங்க. காலையில புடிச்சது, மத்தியானம் வரைக்கும் அந்த வண்டி வெயில்லயே நின்னுச்சு. என்னால இன்னும் மறக்க முடியல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? மூனு மாசத்துல மூனு லோரி மோதிருச்சு. வாடகை வீடும் காலியாவே கெடக்கு. ஜோசியர்கிட்ட போனாரு. வாயில்லா ஜீவன் சாபம்னு சொல்லிட்டாரு. எட்டுத் தேய்பிறை அஷ்டமிக்குக் கறுப்பு நாய்க்குத் தயிர்சாதம் கையால வைக்கணுமாம். இந்த மாசமே தொடங்கணுமாம். இப்ப காப்பார் டவுன் வரைக்கும் லோரிய எடுத்துட்டுப் போயி கறுப்பு நாய் தேடுறாரு.”

“கெடச்சுதா?”

“எங்கக்கா? இவரப் பார்த்தாலே ஓடுதுங்க.”

வேனில் ஏறிய பிறகு நான் சிரித்தேன். பாலத்தைத் தாண்டும்வரை சிரித்தேன். பிறகு அந்த ஏழும் நினைவுக்கு வந்தன, வண்டிக்குள் எப்படி நெருக்கிக்கொண்டு நின்றிருக்கும் என்று. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று மரியநாயகம் பயந்துவிட்டார்.

முப்பதாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள். பாத்திரங்களைப் பெட்டியில் கட்டிவிட்டோம். எங்கே கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை. திமோத்தி ஷெல்டரின் எண்ணை எனக்கு மூன்று முறை அனுப்பியிருந்தான். மூன்று முறையும் அழித்தேன். மரியநாயகம் அதைத் தன் டைரியில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

முப்பதாம் தேதிக்கு முந்தின நாள் மத்தியானம் கமலநாதன் கூப்பிட்டான்.

“ஆன்டி, தம்புசாமி அண்ணன் கேக்குறாரு. அந்தக் கறுப்பு நாய் இன்னும் இருக்கான்னு.”

“இருக்கு. ஏன்?”

“இன்னிக்கு அஷ்டமியாம். அஞ்சு நாப்பது வரைக்கும்தானாம். கொண்டுவந்தா வீடு தரேன்றாரு.”

“நாலும் வரும்.”

“அந்த ஒன்னு போதும்றாரு.”

“அக்ரிமென்ட எழுதி எடுத்துட்டு வா. நாங்க வரோம்.”

நாய்களோடு கட்டிவைத்த பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, நாலரை மணிக்குக் கோர்னர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினோம். தம்புசாமி பட்டு வேட்டியில் நின்றார். முன்வாசல் கழுவிக் கோலம்கூடப் போட்டிருந்தது. நடுவில் வாழையிலை. இலை நிறையத் தயிர்சாதம், மேலே மாதுளை முத்துக்கள். எங்கள் கல்யாணப் பந்தியில்கூட அப்படி ஒரு இலை நான் பார்த்ததில்லை. வீட்டையும் கண்ணால் அளந்துகொண்டேன். பக்கத்தில் நீளமான மண் தரை, ஒரு மாமரம், அதன் கீழே நல்ல நிழல். கிம்மாஸ் படுப்பதற்கென்றே யாரோ அந்த மரத்தை நட்டிருக்கிறார்கள்.

“கறுப்ப மட்டும் எறக்குங்க. மத்ததுங்க வேன்லயே இருக்கட்டும்” என்றார் தம்புசாமி.

நான் மரியநாயகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். மரியநாயகம் ரவாங்கை மட்டும் இறக்கினார். அது இலைக்கு முன்னால் போய் மரியாதையாக உட்கார்ந்தது. ஒருமுறை முகர்ந்தது. பிறகு தலையைத் திருப்பி வேனைப் பார்த்தது.

“சாப்பிடுப்பா” என்றார் தம்புசாமி.

ரவாங் வேனைப் பார்த்தது.

“சாப்பிடு ராஜா. சாமி, சாப்பிடு.” ஒரு கைப்பிடி சாதத்தை எடுத்து அதன் வாய்க்கு நேராக நீட்டினார். ரவாங் மூக்கை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டது. தங்கமணி ஓடிப்போய்ப் பால் கொண்டுவந்து ஊற்றினார். பிறகு நெய். கமலநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “மாக்கான் லா, சாப்பிடு லா” என்று மலாயும் தமிழுமாகக் கெஞ்சிப் பார்த்தான். மணி நான்கு ஐம்பத்தைந்து. தம்புசாமியின் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது.

“என்னம்மா இது? உங்க நாய்க்குத் தயிர்சாதம் ஆகாதா?”

“ரொம்பப் பிடிக்கும் அண்ணே. முன்னுக்கு இருக்கிற மூனும் சாப்பிடாம இது வாய வைக்காது. எங்க வீட்டுல வரிசை அப்படி.”

“எந்த மூனு?”

“தீட்டுன்னு வேன்ல வச்சிருக்கீங்களே, அந்த மூனு.”

அவர் என்னைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மனிதனின் முகத்தில் ஆறு மாதக் காலி வீடும் மூன்று லோரியும் ஒரே நேரத்தில் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.

“சரி, எறக்குங்க. சீக்கிரம்.”

“அக்ரிமென்ட் மொதல்ல.”

கமலநாதன் தாளை நீட்டினான். டிக்கெட் கவுன்டரில் சலுகைச் சீட்டின் பின்பக்கம் வரை படித்துப் பழகியவள் நான். மூன்றாவது பத்தியில் என் விரல் நின்றது.

“கமலநாதா, எல்லா வீடும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னுதானே எழுதுவாங்க? இது என்ன எட்டு மாசம்?”

கமலநாதன் தன் செருப்பைப் பார்த்தான். தம்புசாமி மாமரத்தைப் பார்த்தார். பதில் சொன்னது தங்கமணிதான், கையில் பால் செம்போடு.

“எட்டு அஷ்டமிக்கா.”

எனக்குள் எங்கேயோ ஷட்டர் விழுந்த சத்தம் கேட்டது. எட்டு மாதம் என் ரவாங் அவருடைய பாவத்தைத் தின்னும். ஒன்பதாவது மாதம் நாங்கள் தெருவில். அப்போது இவர் கவுன்சிலுக்கு இன்னொரு கடிதம் எழுதுவார். நான் கத்திய சத்தத்தில் மாமரத்துக் காக்கை அத்தனையும் பறந்து, ஒரு மாங்காய் விழுந்தது. மாங்காய் தானாக விழுந்தது என்பார் மரியநாயகம்.

“எம்பிள்ளைங்க என்ன, வாடகை லோரியா அண்ணே? சாமான ஏத்தி எறக்கிட்டு வெரட்டிவிடுறதுக்கு? சாபத்துக்கு வேணும், வீட்டுக்கு வேணாம்! படத்துல இருந்தா மாலை, வாசல்ல நின்னா சுருக்குக் கம்பி! உங்க சாமி அந்தப் படத்தவிட்டு எறங்கி வந்து வீடு கேட்டாலும், நாய வெளிய கட்டிட்டு வாங்கன்னு சொல்லுவீங்க நீங்க! ஏங்க, ரவாங்க ஏத்துங்க. போலாம்.”

மரியநாயகம் ரவாங்கின் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, வாழ்நாளில் முதல்முறையாக மற்றவர்கள் முன்னால் வாயைத் திறந்தார்.

“அஞ்சு பத்து ஆச்சுங்க” என்றார் தம்புசாமியிடம், மிக மரியாதையாக.

நாங்கள் வேன் கதவுவரை போய்விட்டோம். இது போனால் முப்பதாம் தேதிக்கு வேறு வீடு இல்லை. டைரியில் இருக்கும் அந்த எண்தான். கிம்மாஸ் வேனுக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் என் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

“என்ன எழுதணும்?” தம்புசாமியின் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல வந்தது.

“ரெண்டு வருஷம். நாலு நாய்ங்க பேரும் அக்ரிமென்ட்ல வரணும்.”

“பேரா?”

“ஆளுங்க பேரு எழுதுறீங்கல்ல? இன்னொன்னு. இனிமே இந்த ரோட்டு நாய்ங்களப் பத்தி யாருக்கும் லெட்டர் போடமாட்டேன்னு எழுதணும். எங்க வீட்டு நாய் மட்டுமில்ல. எந்த நாயப் பத்தியும்.”

“அத எழுதச் சொல்லுங்க மொதல்ல” என்றார் தங்கமணி. கணவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பார்வையைத் தாழ்த்தவில்லை.

கமலநாதன் வேன் பானட்டின்மேல் தாளை வைத்துப் பேனாவால் அடித்துத் திருத்தினான்.

“கிம்மாஸ், தம்பின், சிரம்பான், ரவாங்... ஆன்டி, லாயர் சிரிப்பாரு லா. ரயில் டைம்டேபிள் மாதிரி இருக்கு.”

“சிரிக்கட்டும். எழுத்துப்பிழை இல்லாம எழுது.”

திருத்திய ஒவ்வொரு இடத்திலும் தம்புசாமி கையெழுத்து வைத்தார். தயிர்க் கையோடு வைத்ததால் தாளில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது. இன்றைக்கும் என் அலமாரியில் அது பத்திரமாக இருக்கிறது. நானும் கையெழுத்து வைத்து, மடித்து, சர்ச்சுக்குக் கொண்டுபோகும் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

ஐந்து இருபத்திரண்டுக்கு வேன் கதவு திறந்தது. தம்பின் மூன்று காலால் குதித்து இறங்கியது. சிரம்பான் இறங்கியதுமே பட்டு வேட்டியை முகர்ந்து பார்த்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்தது. நான் முறைத்ததும் வரிசையில் போய் உட்கார்ந்தது. கிம்மாஸை மட்டும் நான் தூக்கி இறக்கினேன். தீட்டு என்ற அந்த வாசற்படியின் மேலேயே அதை விட்டேன். அங்கிருந்து காற்றை முகர்ந்து முகர்ந்து, இலை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தது.

“ஒவ்வொன்னுக்கும் கையால வைங்க அண்ணே. ஜோசியர் சொன்ன மாதிரி.”

தம்புசாமி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கை நிறையச் சாதத்தை அள்ளிக் கிம்மாஸின் முன்னால் நீட்டினார். கிம்மாஸுக்குப் பல் ஐந்தோ ஆறோதான் பாக்கி. ஒரு பருக்கையை எடுத்தது. மென்றது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ருசித்தது. அடுத்த பருக்கையை எடுத்தது.

பின்னால் தம்பின். அதற்குப் பின்னால் சிரம்பான். கடைசியில் ரவாங், படத்தில் இருப்பதைப் போலவே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

தம்புசாமி குந்தியபடியே காலை மாற்றி வைத்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்க்க முயன்றார். சாதம் சிந்தியது.

“கொஞ்சம் வெரசா சாப்பிடச் சொல்லக்கூடாதாம்மா? இன்னும் எவ்வளவு நேரம்?”

“ஏழு நாய் இருந்துச்சாமே இந்த ரோட்டுல? அதுங்க அந்த வண்டியில வெயில்ல நின்னது எவ்வளவு நேரம் அண்ணே?”

அவர் இலையிலிருந்து இன்னொரு கைப்பிடி சாதத்தை அள்ளினார். தங்கமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மரியநாயகம் வேனிலிருந்து முதல் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

நான் மாமரத்தின் அடியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

“கிம்மாஸு, மெதுவா சாப்பிடுமா” என்றேன். “அவசரமே இல்ல.”